139: கணக்கில் இடித்த ஒரு மதிப்பெண்

முடிவு வந்து ஆறு மாதம் ஆகப் போகிறது. தேர்ச்சிதான், அதில் சந்தேகமில்லை. கேம்பிரிட்ஜின் பி1 பிரிலிமினரி என்ற ஆங்கில மொழித் தேர்வு. பழைய ஆட்கள் இன்னும் பெட் என்றுதான் சொல்வார்கள். வாசிப்பு 163, எழுத்து 148, கேட்டல் 151, பேச்சு 139. நான்கையும் கூட்டி நாலால் வகுத்தால் 150 சொச்சம். 140 வந்தாலே பாஸ் என்பதால் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாகத் தேற வேண்டும் என்ற விதி இந்தத் தேர்வில் கிடையாது, சராசரிதான் கணக்கு. ஆகவே யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அலுவலகத்தில் நகலை வாங்கிக் கோப்பில் போட்டுக்கொண்டார்கள். வீட்டில் கைதட்டினார்கள். எனக்குத்தான் அந்த 139 பல்லில் சிக்கிய நார் மாதிரி இருந்துகொண்டே இருந்தது.

நான் பத்தொன்பது வருஷமாகக் கணக்குப் பிரிவில் இருப்பவள். பற்றும் வரவும் பொருந்துகிறதா என்று பார்க்க ட்ரையல் பேலன்ஸ் போடும்போது பத்தாயிரம் இடித்தால் நாங்கள் பயப்பட மாட்டோம். ஏதோ ஒரு வவுச்சரை விட்டிருப்போம், தேடினால் அகப்படும். ஒன்று இடித்தால்தான் வயிறு கலங்கும். வித்தியாசம் ஒன்று என்றால் தப்பும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தப் பக்கம் ஒரு பெரிய தப்பு, எதிர்ப்பக்கம் இன்னொரு பெரிய தப்பு, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு மிச்சமாக ஒன்றைத் துப்பியிருக்கும். 140-க்கு ஒன்று குறைந்த அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு அந்தச் சந்தேகம்தான் வந்தது. ஏனென்றால் பேச்சுத் தேர்வு முடிந்து வெளியே வந்தபோது, நாலிலும் இதைத்தான் நன்றாகச் செய்தோம் என்று நினைத்திருந்தேன்.

இந்தத் தேர்வுக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசும் குழுவுக்கு மாற்றல் கேட்டிருந்தேன். கணக்கு தெரிந்த ஆள் அங்கே தேவைப்பட்டது. எனக்கும் எண்களை விட்டுக் கொஞ்சம் மனிதர்கள் பக்கம் போக வேண்டும் போல இருந்தது. பி1 அல்லது அதற்கு மேல் ஏதாவது ஒரு சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. இடைநிலையா? தணிக்கைக் குறிப்புகளுக்கு ஆங்கிலத்தில்தான் பதில் எழுதுகிறேன், ஒப்பந்தங்களை ஆங்கிலத்தில்தான் படிக்கிறேன், என்னைப் போய் நடு பெஞ்சில் உட்காரச் சொல்கிறார்களே என்று ரோஷம். பி2-வே எழுதிக் காட்டுகிறேன் என்று வீம்பாகக் கிளம்பி, மாதிரித் தாளை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, சரி, பி1 எழுதுவோம் என்று இறங்கி வந்தது தனிக் கதை. அதை இங்கே சொல்வதாக இல்லை.

ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1-இல் தொடங்கி சி2 வரை ஆறு படிகள். பி1 மூன்றாவது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் இன்னொரு பெயர் ‘த்ரெஷோல்ட்’, வாசற்படி. அந்தப் பெயர் இன்னும் பழையது. 1975-இலேயே வான் எக் என்பவர் ஐரோப்பிய கவுன்சிலுக்காக இதே பெயரில் ஒரு வரையறை எழுதியிருக்கிறார். ஒருவர் புது மொழியில் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளக் குறைந்தபட்சம் என்னென்ன செய்யத் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் விஷயம். என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைவிட என்னென்ன செய்யத் தெரிய வேண்டும் என்பதில் அவர்களுக்கு அக்கறை அதிகம். இதையெல்லாம் தேர்வு முடிந்த பிறகுதான் படித்தேன். முன்பே படித்திருந்தால் ரோஷம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

எழுத்துத் தாள்கள்

வாசிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 45 நிமிடம், ஆறு பகுதி, 32 கேள்வி. அறிவிப்புப் பலகை, குறுஞ்செய்தி, ஐந்து ஆட்களுக்கு எட்டு விளம்பரத்தில் எது பொருந்தும் என்று பார்ப்பது, இப்படிப் போகும். எனக்கு அடி விழுந்தது கடைசிப் பகுதியில்தான். ஒரு சின்னப் பத்தி, ஆறு ஓட்டைகள், தேர்ந்தெடுக்க விடைகள் கிடையாது, ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரே ஒரு சொல். பெரிய சொல் எதையும் கேட்க மாட்டார்கள். ‘ஆஃப்’, ‘பீன்’, ‘விச்’, ‘தி’ மாதிரி சில்லறைகள். நம் மொழியில் இந்தச் சில்லறை வேலையில் பாதி சொல்லின் வாலில் நடக்கிறது. வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து என்று சொல்லிக்கொண்டே போய்க் கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம். அவர்கள் அதைத் தனிச் சொல்லாக்கி முன்னாலேயே வைத்துவிடுகிறார்கள். இத்தனை வருஷமாக ஆங்கிலம் படித்தபோதெல்லாம் என் கண் இந்தச் சில்லறைகளைத் தாண்டிக் குதித்துப் பெயர்ச்சொல்லில் போய்த்தான் நின்றிருக்கிறது என்று அந்த ஆறு ஓட்டைகள் சொல்லிக் கொடுத்தன.

எழுத்தில் முதல் கேள்வி கட்டாயம். ஒரு தோழி எழுதிய மின்னஞ்சலைக் கொடுத்து, ஓரத்தில் நாலு குறிப்பும் போட்டிருப்பார்கள். நாலையும் தொட்டுச் சுமார் 100 சொல்லில் பதில் எழுத வேண்டும். நான் எழுதிய முதல் வரி, ‘திஸ் ஹாஸ் ரெஃபரன்ஸ் டு யுவர் மெயில்’. கை தானாக எழுதியது. ஒரு தோழிக்கு, வார இறுதியில் எங்கே போகலாம் என்பதைப் பற்றி! அடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். உள்ளடக்கம், ஒழுங்கு, மொழி ஆகியவற்றோடு, எழுதியது யாருக்கு எழுதியதோ அவருக்குப் பொருந்துகிறதா என்பதற்கும் தனியாக மதிப்பெண் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பழக்கம் விடவில்லை. நாலாவது குறிப்பு தோழியிடம் ஏதோ ஒன்றைக் கேட்கச் சொன்னது. நான் ‘ப்ளீஸ் லெட் மீ நோ’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். அந்த முற்றுப்புள்ளியை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

கேட்டலில் எல்லாவற்றையும் இரண்டு முறை போடுகிறார்கள். முதல் பகுதியில் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று படம். மூன்று படத்தில் இருப்பதும் பேச்சில் எப்படியாவது வந்து போகும், காதில் விழுந்த முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு குறித்தால் போச்சு. அவ்வளவுதான்.

பன்னிரண்டு நிமிடம்

பேச்சுத் தேர்வுக்கு ஜோடியாக அனுப்புவார்கள். உள்ளே இரண்டு தேர்வாளர்கள். ஒருவர் நம்மோடு பேசுவார். அவர் கையில் ஒரு வசனத் தாள் இருக்கும், அதைத் தாண்டி அநேகமாக ஒரு சொல் வராது. எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. இன்னொருவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேட்பார், எழுதுவார். நீங்கள் எத்தனை நல்ல நகைச்சுவை சொன்னாலும் ‘தேங்க் யூ’ என்ற ஒற்றைச் சொல்தான் பதிலாக வரும். தெரிந்துதான் போனேன்; ஆனாலும் எதிரே ஒரு முகம் அசையாமல் இருந்தால் கை சில்லிட்டுப் போகத்தான் செய்கிறது.

வெளியே காத்திருந்தபோது எங்கோ படித்த ஒன்றை நினைத்துத் தைரியப்படுத்திக்கொண்டேன். இந்தத் தேர்வுகளுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா மாதிரியான கேம்பிரிட்ஜ் புரொஃபிஷியன்சி தேர்வு 1913-இல் முதன்முதலாக நடந்தபோது மூன்றே பேர்தான் எழுதினார்கள். சுமார் 12 மணி நேரத் தேர்வு. பிரெஞ்சுக்கோ ஜெர்மனுக்கோ மொழிபெயர்ப்பது, ஒலியியல், கட்டுரை, சொல்வதைக் கேட்டு எழுதுவது, சத்தமாக வாசிப்பது என்று எல்லாம் இருந்தது. மூன்று பேரும் தேறவில்லை. மூன்றுக்கு மூன்றும் பெயில் ஆன ஒரு குடும்பத்தின் கொள்ளுப்பேத்தித் தேர்வில் எனக்கென்ன பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஜோடியாக வந்தவன் பதினாறு, பதினேழு வயதுப் பையன். ஒல்லியாக, சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு அவன்மேல் பரிதாபம் வந்தது. பாவம், இந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எப்படிச் சமாளிக்கப் போகிறானோ என்று. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

முதல் இரண்டு நிமிடம் பெயர், ஊர், பொழுதுபோக்கு. அப்புறம் ஆளுக்கொரு படத்தைக் கொடுத்து ஒரு நிமிடம் விவரிக்கச் சொன்னார்கள். என் படத்தில் தோட்டத்தில் ஒருவர் மண்ணை அள்ளி ஒரு வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வண்டிக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று எனக்கு வரவில்லை. வீல்பேரோ என்பது இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போது வந்தது. ஆனால் நான் திகைக்கவில்லை. அந்த ஐரோப்பிய அளவுகோலில் பி1 படிக்கான திறன்களில் ஒன்று, தெரியாத சொல்லுக்குப் பக்கத்துச் சொல்லைப் பிடித்து ஒப்பேற்றுவது. அதற்கு அவர்களே ஓர் எடுத்துக்காட்டு கொடுத்திருக்கிறார்கள்: பஸ் என்ற சொல் வராவிட்டால் ‘மனிதர்களை ஏற்றும் லாரி’ என்று சொல்லலாம். தயாரிப்பின்போது ஒரு பயிற்சிக் குறிப்பில் இந்த வரியைப் படித்துவிட்டு வீட்டில் ஒரு வாரம் எல்லாவற்றையும் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தோம். ஆகவே ‘ஒற்றைச் சக்கரம் வைத்த, கையால் தள்ளும் வண்டி’ என்று அழகாகச் சொல்லிவிட்டேன். சொன்னதும் உள்ளுக்குள் ஒரு மிதப்பு. அந்த மிதப்பில்தான் மூன்றாம் பகுதிக்குள் போனேன்.

மூன்றாம் பகுதியில் தேர்வாளர் ஒதுங்கிக்கொள்வார். ஒரு சூழ்நிலையைச் சொல்லி, ஒரு படத்தாளை நடுவில் வைத்து, நீங்கள் இருவரும் பேசி முடிவெடுங்கள் என்பார். எங்களுக்கு வந்ததைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்: ஒருவர் புது ஊருக்கு வந்திருக்கிறார், நண்பர்கள் கிடைக்க என்ன செய்யலாம், எது நல்லது. படத்தில் ஓட்டப் பயிற்சி, நூலகம், இசை வகுப்பு என்று ஆறு இருந்தது. நான் பிடித்துக்கொண்டேன். ஓட்டம் உடம்புக்கு நல்லது, ஆனால் மூச்சிரைக்கும்போது பேச முடியாது. நூலகத்தில் பேசவே கூடாது. இசை வகுப்பில் எல்லோரும் ஒன்றாகத் தப்பு செய்வார்கள், அதனால் நட்பு வளரும். சரளமாக வந்தது. எனக்கே ஆச்சரியம்.

பையன் மெதுவாக ஆரம்பித்தான். ‘ஐ திங்க் த லைப்ரரி இஸ்...’ என்று நிறுத்தினான். சொல்லைத் தேடிக்கொண்டிருந்தான். நான் அவனுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு ‘போரிங்’ என்று எடுத்துக் கொடுத்தேன். அவன் தலையை இலேசாக ஆட்டி, இல்லை, அவன் பழைய ஊரில் நூலகத்தில் ஒரு வாசிப்புக் குழு இருந்தது, அங்கேதான் அவனுக்கு நண்பர்கள் கிடைத்தார்கள் என்று ஒவ்வொரு சொல்லாகக் கோர்த்துச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, ‘வாட் டூ யூ திங்க்?’ என்றான். நான் ‘யெஸ், வெரி குட்’ என்று சொல்லிவிட்டு ஆறாவது படத்துக்குப் போனேன். அதைப் பற்றி நான் இன்னும் பேசவில்லையே.

முடிந்து வெளியே வந்ததும் நடைபாதையில் அவன் என்னிடம் சுமாராகப் போனதா என்று கேட்டான். ‘வெரி குட்’ என்றேன். லிஃப்ட் வந்தது, ஏறிவிட்டேன்.

கேள்விக்குறியைத் தேடிய நாள்

மதிப்பெண் தாளில் பேச்சுக்கு 139 என்று மட்டும்தான் இருக்கும். எதில் குறைந்தது என்ற பிரிவு இருக்காது. இலக்கணமும் சொல்வளமுமா, பேச்சைத் தொடர்ச்சியாகக் கொண்டுபோவதா, உச்சரிப்பா, எதிராளியோடு ஊடாடுவதா என்று நாலு தலைப்பில் ஒருவர் மதிப்பிடுகிறார். கூடவே பேசியவர் மொத்தமாக ஓர் எண் போடுகிறார். அதற்குப் பிறகு எல்லாம் ஓர் அளவுகோலுக்கு மாற்றப்பட்டு ஒரே எண்ணாகிவிடும். நான் முதலில் உச்சரிப்பின் மேல்தான் பழியைப் போட்டேன். நமக்கு ‘ப’ ஒன்றுதான், சொல்லில் நிற்கிற இடத்தைப் பொறுத்து வல்லென்றோ மெல்லென்றோ ஒலிக்கும். அவர்களுக்கு அது இரண்டு எழுத்து, மாற்றிச் சொன்னால் பொருளே மாறும். இந்தக் காரணம் வசதியாக இருந்தது. பிறந்த மொழியின்மேல் போட்டுவிட்டால் பிறகு நாம் செய்ய எதுவும் இல்லையல்லவா?

அப்படியே நாலு மாதம் ஓடியது. என் மகள் இதே தேர்வின் பள்ளி மாணவர்களுக்கான வடிவத்துக்குத் தயாராக ஆரம்பித்தாள். அமைப்பு ஒன்றுதான், தலைப்புகள் மட்டும் அவர்கள் வயதுக்கு ஏற்ப இருக்கும். மூன்றாம் பகுதிக்கு ஜோடி வேண்டும் என்று என்னை உட்கார வைத்தாள். கைபேசியில் நேரத்தையும் வைத்தாள், பதிவும் செய்தாள். நான் உற்சாகமாகப் பேசினேன். முடிந்ததும் பதிவை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

“அம்மா, நீ என்கிட்ட ஒண்ணுமே கேக்கலையே.”

“நீ கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேனே?”

“அதைத்தான் சொல்றேன். நான் அஞ்சு தடவை கேட்டிருக்கேன். நீ ஒரு தடவைகூடக் கேக்கல. நான் என்ன நினைக்கிறேன்னு உனக்குத் தெரிய வேண்டாமா?”

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். எனக்கு அந்தப் பையன் என் பக்கம் திரும்பியது ஞாபகம் வந்தது. லிஃப்டும் ஞாபகம் வந்தது.

அன்று ராத்திரி ஒரு வேலை செய்தேன். கணக்குக்காரிக்கு வேறு என்ன தெரியும், தணிக்கை போட்டேன். அலுவலக மின்னஞ்சலில் நான் கடைசியாக அனுப்பிய 200 மெயில்களை ஒரு எக்செல் தாளில் இறக்கி, கேள்விக்குறி உள்ளவற்றை மட்டும் வடிகட்டச் சொன்னேன். இருநூறும் வந்தது. ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது. எக்செல்லில் கேள்விக்குறி போட்டால் ‘ஏதாவது ஓர் எழுத்து’ என்று அது எடுத்துக்கொள்ளும், முன்னால் ஒரு நெளிகோடு போட்டால்தான் நிஜக் கேள்விக்குறியைத் தேடும். நெளிகோட்டைப் போட்டேன். பதினான்கு. அதில் பதினொன்று, ‘குட் யூ ப்ளீஸ் கன்ஃபர்ம்?’ அது கேள்வி வேஷம் போட்ட கட்டளை. மிச்சம் மூன்று. அந்த மூன்றில் ஒன்றை எழுதிக் கொடுத்தது என் பக்கத்து இருக்கைப் பெண்.

மற்ற 186-ஐயும் படித்தேன். கேட்க வேண்டிய இடமே இல்லை என்று சொல்ல முடியாது, நிறைய இருந்தது. ஒவ்வோர் இடத்திலும் நான் கேள்வியைச் சுற்றிக்கொண்டு போயிருந்தேன். ‘ப்ளீஸ் அட்வைஸ்’, ‘ப்ளீஸ் கிளாரிஃபை’, ‘அவெய்ட்டிங் யுவர் ரிப்ளை’, அப்புறம் நம் ‘ப்ளீஸ் லெட் மீ நோ’. எல்லாம் முற்றுப்புள்ளியில் முடிந்திருந்தன. ஆங்கிலம் எனக்கு வாழ்க்கையில் வந்து சேர்ந்ததே பதில் சொல்லத்தான். வகுப்பில் கேட்டார்கள், பதில் சொன்னேன். நேர்காணலில் கேட்டார்கள், சொன்னேன். தணிக்கையில் கேட்கிறார்கள், சொல்கிறேன். கேட்கும் நாற்காலியில் ஆங்கிலத்தோடு நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. தமிழில் நான் எப்படிப்பட்டவள் என்று என்னைத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரின் சம்பளம்வரை கேட்டுவிடுவேன்.

ஏன் இப்படி என்று யோசித்ததில் எனக்கு ஒன்று தோன்றியது. மொழியியல் படித்தவர்கள் சிரித்தாலும் சரி. தமிழில் வாக்கியத்தை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுக் கடைசி எழுத்தில்கூட மனசை மாற்றிக்கொள்ளலாம். ‘நாளைக்குப் பணம் வந்துடும்’ என்று ஆரம்பிக்கிறோம். எதிரே இருப்பவர் முகம் சரியில்லை, உடனே ‘வந்துடுமா’ என்று ஒரு ஆ-வை ஒட்டினால் அது கேள்வி. பள்ளியில் படித்த வினா எழுத்துகள் ஞாபகம் இருக்கும்: எ, யா இரண்டும் சொல்லுக்கு முதலில் வரும், ஆ, ஓ கடைசியில் வரும், ஏ இரண்டு இடத்திலும் வரும். அந்தக் கடைசி ஆ இருக்கிறதே, அது ஒரு பெரிய சலுகை. ஆங்கிலத்தில் கேள்வி கேட்கப் போகிறேன் என்பதை வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே முடிவு செய்தாக வேண்டும். டூ-வா, டஸ்-ஸா, டிட்-டா என்று காலத்தையும் ஆளையும் பார்த்துப் பொறுக்கி முன்னால் வைத்து, வைத்த பிறகு வினையின் வாலை வெட்டிச் சரி செய்ய வேண்டும். நான் இதையெல்லாம் தலைக்குள் முடிப்பதற்குள் பேச்சு அடுத்த தெருவுக்குப் போய்விடும். ஆகவே கேட்பதை விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டே போவது என்று என்றைக்கோ ஒரு நாள், எனக்கே தெரியாமல், முடிவு செய்திருக்கிறேன். அந்த முடிவுக்குச் சரளம் என்று பெயரும் வைத்திருக்கிறேன்.

இதை மகளிடம் விளக்கினேன். அவளுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. “குரலை ஏத்தினாலே பாதி நேரம் போதும்மா. இல்லன்னா ‘வாட் அபௌட் யூ’ன்னு கேளு. அதுல டூ, டிட் ஒண்ணும் கிடையாதே” என்றாள். உண்மைதான். அந்தப் பையன் கேட்டதும் நாலே சொல். எந்த ஊரில், எந்த வகுப்பில் கற்றுக்கொண்டானோ, அந்த நாலு சொல்லை அவன் ஒரு கருவி மாதிரி சட்டைப்பையில் வைத்திருந்தான். நான் கூட்டிக்கொண்டு போன சரளத்தைவிட அது அந்த அறையில் அதிகம் வேலை செய்திருக்கும்.

பி1 படிக்கான விவரங்களை அதற்குப் பிறகுதான் நிதானமாக உட்கார்ந்து படித்தேன். லாரி எடுத்துக்காட்டை ரசித்தவள் அதற்குப் பக்கத்திலேயே இருந்ததை விட்டிருந்தேன். எதிரே இருப்பவர் இப்போது சொன்னதை விளக்கமாகச் சொல்லும்படி கேட்க முடியும் என்பது பி1-இன் திறன்களில் ஒன்று. தெரியாதபோது கேட்பது ஒரு திறன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அதைத் தெரியாமையின் அடையாளமாக நினைத்து மறைத்துக்கொண்டிருந்தேன். மறைப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. தொலைபேசியில் புரியாத இடத்தில் ‘ஓகே, ஓகே, நோட்டட்’ என்று சொல்லி வைத்துவிட்டு, மெயில் அனுப்புங்கள் என்பேன்.

இந்த 139-க்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆதாரம் இல்லாமல் பதிவு போடுகிறவள் இல்லை நான். அந்த ‘ப’-வும் காரணமாக இருந்திருக்கலாம், வீல்பேரோவும் இருந்திருக்கலாம். எதிர்ப்பக்கத்தில் என்னைத் தூக்கிவிட்டது எது என்பதும் தெரியாது. கேம்பிரிட்ஜ் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது என்பதால் இந்த எண் என்னோடுதான் இருக்கப் போகிறது. மறுபடி எழுதி 139-ஐ மாற்ற வேண்டும் என்று ஒரு வாரம் தோன்றியது, அப்புறம் அடங்கிவிட்டது.

மாற்றல் கிடைத்துவிட்டது. புதுக் குழுவில் தனியாக எடுத்த முதல் அழைப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எதிர்முனையில் வேகமாகப் பேசும் ஒரு பெண், ஏதோ விலைப்பட்டியலில் எண்ணிக்கை தவறு என்றார். சொன்ன எண் பதினைந்தா ஐம்பதா என்று என் காதுக்குப் பிரியவில்லை. ஆங்கிலத்தில் அது அப்படித்தான், ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். ‘ஓகே, நோட்டட்’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, ‘ஸாரி, ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஸீரோ?’ என்றேன். இலக்கணப்படி அது ஒரு வாக்கியம்கூட இல்லை. எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, தாள் புரளும் ஓசை மட்டும் கேட்டது. அப்புறம் அந்தப் பெண், இருங்கள், நானே சரியாகப் பார்க்கவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றார்.